இருபத்தொன்பது அங்குலச் சக்கரமும் உங்கள் தம்பியும்

குருசுக்குப்பம்,
புதுச்சேரி.
ஆடி 4

மரியாதைக்குரிய அண்ணி கமலவேணி அவர்களுக்கு,

தீபலட்சுமி பணிவுடன் எழுதுவது. காரைக்காலில் நீங்களும் அண்ணனும் கல்யாணப் பெண் கவிநிலாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ‘இங்கு யாவரும் நலம்’ என்று அடுத்த வரியை ஆரம்பித்தேன். ‘யாவரும்’ வரை வந்ததும் பேனா நின்றுவிட்டது. இந்த வீட்டில் யாவரும் என்றால் நானும் உங்கள் தம்பியும்தான். எனக்கு வலது மணிக்கட்டில் வீக்கம், இடது முட்டியில் சிராய்ப்பு, மற்றபடி நலம். உங்கள் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தையில் எழுத முடியாததால்தான் இத்தனை தாள் எடுத்து வைத்திருக்கிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டு மிக்சி பக்கத்தில் வைத்துவிட்டு வேலை பார்க்கிறீர்கள் அண்ணி. போன வாரம் நான் குரலைத் தாழ்த்தி, அவருக்கு இன்னும் மனது சரியாகவில்லை என்று சொன்னபோது, யாருக்கு என்று ஓர் ஆண்குரல் கேட்டது. அது அண்ணன் குரல் இல்லை. பந்தல்காரராக இருக்கலாம் என்று நினைத்து அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. காகிதத்துக்கு ஸ்பீக்கர் கிடையாது. தயவுசெய்து தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆவணியில் கவிநிலாவின் நெற்றியில் தாய்மாமன் பட்டம் கட்ட உங்கள் தம்பி வருவார் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். ஜானகிராமனிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் சித்தப்பா மகனும் அவளுக்கு மாமன் முறைதான். ஜானகிராமனைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். எந்தப் பந்தியிலும் முதல் இலையில் உட்காருகிறவர், கட்டுகிற பட்டத்தை இன்னும் இருபது வருடத்துக்குச் சொல்லிக்காட்டப் போகிறவர். ஆனால் வாசற்படியைத் தாண்டி பஸ் ஏறக்கூடியவர். இப்போதைக்கு நம் குடும்பத்தில் அது பெரிய தகுதி. தம்பி கட்டாமல் உங்கள் பெண் மணவறை ஏறமாட்டாள் என்று நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. மூன்று வருடம் எங்கள் வீட்டில் தங்கிக் கல்லூரிக்குப் போன பெண் அவள். எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பது அந்த மூன்று வருடமும் ஞாபகத்துக்கு வரவே இல்லை. அவளுக்காகவே வெளியே வர முடியவில்லை என்றால் இந்த மனிதர் வேறு எதற்கு வரப்போகிறார் என்று நினைக்கும்போதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். போன வருடம் சித்திரையில் அவர் சைக்கிளிலிருந்து விழுந்தது உங்களுக்குத் தெரியும். அது உங்கள் இனியவன் சென்னைக்கு வேலைக்குப் போகும்போது மாமாவுக்கென்று விட்டுவிட்டுப் போன கியர் சைக்கிள் என்பதும் தெரியும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, பையன் ஆசையாகத்தான் கொடுத்தான். ஆனால் அதற்கு இருபத்தாறு அங்குலச் சக்கரம் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். மில் மூடிய பிறகு அவர் ஓட்டல் ஒன்றில் பம்பு மோட்டார் பார்த்துக்கொண்டிருந்தார் அல்லவா, அந்த வேலைக்குப் போகும் வழியில் வைத்திக்குப்பத்தில் வெள்ளைக் கோடு எதுவும் அடிக்காத ஒரு வேகத்தடை. முன்சக்கரம் அதில் முட்டி அப்படியே நின்றுவிட்டது, அவர் நிற்கவில்லை. மீன் விற்கிற பெண்கள் முதலில் சிரித்தார்கள், அப்புறம் ஓடிவந்து தூக்கி ஐஸ் பெட்டித் தண்ணீரால் முகத்தைக் கழுவிவிட்டார்கள். பாதிப் பல் உடைந்து, உடம்பெல்லாம் மீன் வாசனையோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பல் ஆறட்டும் என்று ஒரு வாரம், முட்டி ஆறட்டும் என்று ஒரு வாரம். ஓட்டலிலிருந்து தினமும் கூப்பிட்டார்கள், பிறகு வாரம் ஒருமுறை கூப்பிட்டார்கள், பிறகு கூப்பிடவில்லை. பதினாலு மாதம் ஆகிவிட்டது அண்ணி. உடம்பில் ஒன்றும் இல்லை, மனச்சோர்வுதான், மெதுவாக வெளியில் நடமாட வையுங்கள் என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார். நடமாட்டத்துக்கு மட்டும், “வெளிய இன்னா இருக்குது?” என்று கேட்டார். கடல் இருக்கிறது, மார்க்கெட் இருக்கிறது, மில் நண்பர்கள் இருக்கிறார்கள் என்று நான் வரிசையாகச் சொன்னேன். சொல்லும்போதே என் காதுக்கே அந்தப் பட்டியல் போதவில்லை. கடலைப் பார்த்து எனக்கே ஒரு வருடம் ஆகியிருந்தது, இத்தனைக்கும் அது அடுத்த தெருவில் இருக்கிறது.

பள்ளிக்கூட நூலகத்தில் என்னோடு வேலை செய்கிறவர்கள் சார் எப்படி இருக்கிறார் என்று கேட்டால் வயிறு சரியில்லை என்று சொல்லிவந்தேன். பதினாலு மாதமாக ஒரு மனிதனுக்கு வயிறு சரியில்லை என்றால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. போன மாதம் ஒரு டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, நல்ல ஆஸ்பத்திரியாகப் பாருங்கள், ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் இப்போதெல்லாம் குணமாகிவிடுகிறது என்றார்.

இனி சக்கரத்துக்கு வருகிறேன். மாசி மாதம் ஒருநாள், எங்கள் தெரு முனையில் சுற்றுலாக்காரர்களுக்குச் சைக்கிள் வாடகைக்கு விடுகிற ஜெஸ்டின், ஓர் உயரமான சைக்கிளை எங்கள் கேட்டில் சாய்த்துவிட்டு யாரோடோ பேசிக்கொண்டிருந்தான். உங்கள் தம்பி சன்னலிலிருந்து அதையே பார்த்தார். அது எத்தனை அங்குலம் என்று கேட்டு வரச் சொன்னார். இருபத்தொன்பது, மலையில் ஓட்டுகிற சைக்கிள், பெங்களூர்க்காரர் ஒருவர் விற்றுவிட்டுப் போனார் என்றான் ஜெஸ்டின். உடனே இவர் எழுந்து போய் மில் காலத்துக் கருவிப் பெட்டியைத் திறந்து அளவு டேப்பை எடுத்தார். நாற்காலியிலிருந்து தானாக எழுந்து அவர் ஒரு பொருளை எடுத்தது பத்து மாதத்தில் அதுதான் முதல் தடவை. நான் மூச்சுக்கூட விடவில்லை.

அன்று காலண்டர் தாளின் பின்பக்கம் மூன்று வட்டம் போட்டார். இருபத்தாறு, இருபத்தேழரை, இருபத்தொன்பது. மூன்றுக்கும் முன்னால் ஒரே அளவு செங்கல். சக்கரம் செங்கல்லின் மேல்விளிம்பைத் தொடுகிற இடத்தில் ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து அச்சுக்கு ஒரு கோடு இழுத்துக் காட்டினார். சின்னச் சக்கரம் செங்கல்லை நேருக்கு நேர் முட்டுகிறது, அதற்கு அது சுவர். பெரிய சக்கரம் கொஞ்சம் மேலிருந்து சாய்வாகத் தொடுகிறது, அதற்கு அதே செங்கல் ஒரு மேடு. பள்ளமும் அப்படித்தான், சின்னச் சக்கரம் உள்ளே இறங்கி மாட்டிக்கொள்ளும், பெரியது இரண்டு கரையிலும் பட்டுத் தாண்டிவிடும். அப்படியானால் எல்லோரும் பெரியதே வாங்கலாமே என்று கேட்டேன். நல்ல கேள்வி என்றார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் என்னுடைய எந்தக் கேள்வியையும் அவர் நல்ல கேள்வி என்று சொன்னதில்லை. பெரிய சக்கரம் கனம், சட்டென்று வேகம் எடுக்காது, குறுகலான இடத்தில் திரும்பாது, குள்ளமானவர்களுக்குக் கால் எட்டாது என்று ஒவ்வொரு விரலாக மடக்கினார். நான் பி.காம். படித்தவள், எனக்கு இதெல்லாம் புதிது. கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில், இருபத்தொன்பதாக இருந்திருந்தால் வைத்திக்குப்பத்தில் விழுந்திருக்கமாட்டேன் என்று மெதுவாகச் சொன்னார். அதுவரைக்கும் தான் விழுந்ததைப் பற்றி அவர் வாயே திறந்ததில்லை. நான் அவசரப்பட்டு, அப்படியானால் அதை ஓட்டிப் பாருங்களேன் என்றேன்.

அங்கேதான் மில் வந்து குறுக்கே நின்றது. உங்களுக்குத் தெரிந்திருக்கும், அவர் பிட்டராக இருந்த மில்லில் ஒரு வழக்கம் உண்டு. பழுது பார்த்த பிட்டர் அந்த மெஷினைத் தானே ஓட்டிப் பார்க்கக்கூடாது. வேறொருவர் ஓட்ட வேண்டும், பிட்டர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். மூன்று ஓட்டம் குறையில்லாமல் ஓடினால்தான் மெஷின் ஷிப்டுக்குப் போகும். தான் செய்த வேலையின் குறை தன் கண்ணுக்குத் தெரியாது என்பதற்காக வைத்த வழக்கமாம். ஆகவே நான் ஓட்ட வேண்டும், அவர் பார்க்க வேண்டும், மூன்று ஓட்டம் ஒழுங்காக முடிந்தால் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போவார். எனக்கு நாற்பத்தாறு வயது. உயரம் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. கடைசியாகச் சைக்கிள் ஓட்டியது பத்தாம் வகுப்பில். சரி என்றேன்.

தெருவில் வேண்டாம், மாடியில் என்றார். மாடிக்குப் போவது வெளியே போவது ஆகாதாம். நாங்கள் கீழ்வீட்டில் இருக்கிறோம், மேல்வீட்டில் வீட்டுக்காரர் ஆனந்தமேரி அம்மா, அவருக்கும் மேலே மொட்டைமாடி. ஜெஸ்டின் சீசன் இல்லாததால் இருபத்தேழரை ஒன்றும் அந்த இருபத்தொன்பதும் மேலே தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தான். இனியவனின் இருபத்தாறையும் ஏற்றினோம். உங்கள் தம்பி சிமெண்டும் ஜல்லியும் வரவழைத்து, தான் விழுந்த வேகத்தடையைத் தன் ஞாபகத்திலிருந்து, நாலு அங்குல உயரம், முன்பக்கம் செங்குத்து, பின்பக்கம் சரிவு என்று மொட்டைமாடியின் நடுவில் வார்த்துவிட்டார். ஆனந்தமேரி அம்மாவிடம் அனுமதி கேட்கவில்லை. துணி காயப்போட வந்தவர் அதைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். அவருடைய கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அதனால் பிரெஞ்சில் ஐயா என்று மரியாதை கொடுத்துத் திட்டுவதுதான் அவர் வழக்கம். “மிசியே, ரோட்ல வேகத்தட வச்சவனப் பாத்திருக்கேன், என் தலமேல வச்சவன் நீங்கதான்” என்றார். மறுநாள் வந்து, தூரத்திலிருந்து பார்த்தால் யாரையோ புதைத்த மாதிரி இருக்கிறது, வெள்ளையாவது அடியுங்கள் என்றார். இவர் உடனே வெள்ளை அடித்தார். அடித்த பிறகு இன்னும் கல்லறை மாதிரி ஆகிவிட்டது.

முதல்நாள் இருபத்தாறில் ஓட்டினேன். அவர் சொன்னபடியே சக்கரம் முட்டி நின்றது, பின்சக்கரம் தூக்கியது, நான் துணிக்கொடியைப் பிடித்துத் தப்பினேன். அவர் காலண்டர் தாளில் ‘26 – தேறவில்லை’ என்று எழுதினார். அந்த எழுத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது அண்ணி. அது என் தப்பில்லை, சக்கரத்தின் தப்பு என்று அவருக்கு அவரே கொடுத்துக்கொண்ட சான்றிதழ் மாதிரி. இருபத்தேழரையில் தாண்டினேன், ஆனால் பல் கிடுகிடுத்தது. இருபத்தொன்பதில் ஏறுவதற்கே தண்ணீர்த்தொட்டியின் படி வேண்டியிருந்தது. ஏறி, மிதித்து, பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு போனேன். ‘தட்’ என்று ஒரே ஒரு சத்தம், மேடு பின்னால் போய்விட்டது. கண்ணைத் திறந்தால் தண்ணீர்த்தொட்டி. மணிக்கட்டு வீங்கியது அன்றுதான். அதற்குப் பிறகு நான் தாண்டி வந்ததும் அவர் கூடவே ஓடிவந்து சீட்டைப் பிடித்துக்கொள்வார், நான் இறங்குவேன். கால் எட்டாததால் அவர் பிடிக்காமல் அந்தச் சைக்கிளிலிருந்து என்னால் இறங்க முடியாது. நாற்காலியில் கிடந்த மனிதர் ஒருநாளைக்கு இருபது தடவை மொட்டைமாடியில் ஓடினார்.

ஐந்து மாதம் இப்படிப் போனது. தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாடி. இரண்டு ஓட்டம் சரியாக முடிந்ததும் அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு, அரை அங்குலம் ஏற்றிப் பார்க்கலாம் என்று மேட்டின் மேல் ஒரு பலகை அடிப்பார். கணக்கு மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது ஓட்டம் வரவே வராது. அவர் எதற்காக ஏற்றுகிறார் என்று இரண்டாவது பலகையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. நான் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆறு அங்குலம் வந்ததும் அதற்கு மேல் ஆணி நிற்கவில்லை. ஏற்ற வழியில்லை. அன்று இரண்டு ஓட்டம் முடிந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன், பரீட்சை முடிவுக்கு நிற்கிற பிள்ளை மாதிரி நின்றார். மூன்றாவது ஓட்டத்தில் மேட்டை ஒழுங்காகத் தாண்டி, கைப்பிடிச் சுவர் ஓரமாக வரும்போது, நானே ஒரு காலை எட்டிச் சுவரில் ஊன்றினேன். கால் ஊன்றினால் அந்த ஓட்டம் செல்லாது. ‘தேறவில்லை’ என்று எழுதினார். மறுநாளும் அப்படியே செய்தேன். அதற்கு மறுநாளும்.

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர் பயப்படுகிறார், அதனால் ஊன்றினேன் என்று முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். ஒருவர் எனக்காகப் பின்னால் ஓடிவந்து பிடிப்பது எனக்குப் பிடித்திருந்தது. மூன்று ஓட்டம் முடிந்தால் அவர் தெருவுக்குப் போவார், நான் பழையபடி அடுப்படிக்குப் போவேன். உங்கள் தம்பியை வீட்டில் வைத்துப் பூட்டியதில் எனக்கும் பங்கு உண்டு அண்ணி. ஜானகிராமன் பட்டம் கட்டும்போது நீங்கள் யாரையாவது திட்ட வேண்டும் என்றால் என்னைத் திட்டுங்கள்.

போன வாரம் நீங்கள் போன் செய்து, பத்திரிகை அச்சுக்குப் போகிறது, தாய்மாமன் என்று தம்பி அன்பழகன் பெயரைப் பெரிய எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன் என்றீர்கள். அன்று எனக்குத் தூக்கம் இல்லை. காலை ஆறரைக்கு எழுந்து, இந்த மாடி விளையாட்டு போதும், அந்த நிஜ வேகத்தடையை நானே மூன்று தடவை தாண்டிவிட்டு வந்து சொல்லிவிடுகிறேன், அதற்கு மேல் அவரால் பலகை அடிக்க முடியாது என்று முடிவு செய்தேன். முந்தின நாள் செயினுக்கு எண்ணெய் போட இருபத்தொன்பதைக் கீழே இறக்கி வைத்திருந்தார். வாசற்படியில் நின்று ஏறினேன். போய்விட்டேன்.

சாக்கடை மூடி, வலைக் கயிறு, உடைந்த நடைபாதைக் கல், எதுவும் எனக்கு ஒரு பொருட்டாக இல்லை. அண்ணி, உண்மையைச் சொன்னால் நன்றாக இருந்தது. வைத்திக்குப்பம் போன பிறகுதான் இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, இறங்கும்போது பிடிக்க ஆள் இல்லை. இரண்டு, அங்கே வேகத்தடை இல்லை. ரோடு கண்ணாடி மாதிரி இருந்தது. நிற்க முடியாததால் மீன் கூடைகளைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஒரு மீன்காரம்மா, “இன்னாம்மா தேடுற?” என்று கேட்டார். ஒரு சுற்று போய் வந்து வேகத்தடை என்றேன். அடுத்த சுற்றில் அவர், அதைப் போன மழைக்குப் பிறகு புது ரோடு போடும்போதே பெயர்த்துவிட்டார்கள் என்றார். மூன்றாவது சுற்றில், “அது இல்லன்னு இவ்ளோ வருத்தப்பட்ட ஆள இப்பதான் பாக்கறேன்” என்றார்.

அழுகை வந்தது. ஐந்து மாதமாக இல்லாத ஒரு மேட்டை மாடியில் வைத்துத் தாண்டிக்கொண்டிருந்திருக்கிறோம். அழுதுகொண்டே வீட்டுப் பக்கம் திருப்பினேன். சன்னலில் அவர் நின்றிருந்தார். என்னங்க என்று கூப்பிடுவதற்குள் வீட்டைத் தாண்டிவிட்டேன். தெரு முனையில் திரும்பி, பின்தெரு வழியாகச் சுற்றி மறுபடி வந்தபோது, பிடிக்க ஆளில்லை என்றேன். மேலே பால்கனியில் ஆனந்தமேரி அம்மா, “மிசியே, வேகத்தடைய மாடில வச்சிக்கினு பொண்டாட்டிய ரோட்ல வுட்டுட்டீங்களே” என்று சத்தமாகச் சொன்னார். முனையில் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்த ஜெஸ்டின் என்னைப் பார்த்தான், அவன் கை நீட்டினால் போதும், நீட்டவில்லை. மூன்றாவது தடவை வந்தபோது உங்கள் தம்பி சன்னலில் இல்லை. வாசற்படியில் நின்றிருந்தார். எனக்கு மூச்சு வாங்கியது. “முடியல, வெளிய வாங்க” என்றேன். நான்காவது தடவை நான் வரும்போது அவர் நடுத்தெருவில் நின்றிருந்தார். கூடவே பத்தடி ஓடிவந்து சீட்டைப் பிடித்தார்.

நான் இறங்கியதும், “மூணு சுத்து. கால் ஊனல” என்றார். அதற்குப் பிறகுதான் குனிந்து தன் காலைப் பார்த்தார். செருப்பு இல்லாத கால், தார் ரோட்டில். இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துவிட்டு, சைக்கிளை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஜெஸ்டினிடம் ஏன்டா பிடிக்கவில்லை என்று சண்டை போட்டேன். “புடிச்சிருப்பேன்க்கா. அண்ணன் வாசப்படிக்கு வந்துட்டாரு. அதான் வுட்டுட்டேன்” என்றான். அவனைத் திட்டவும் முடியவில்லை.

நல்லது நடந்துவிட்டது என்றுதான் நீங்களும் நினைப்பீர்கள், நானும் நினைத்தேன். இன்றோடு ஆறு நாள் ஆகிறது. அவர் இப்போது மாடிக்கும் போவதில்லை. காலண்டர் தாள்களை மடித்து மில் பெட்டிக்குள் வைத்துவிட்டார். நாற்காலி, சன்னல், சாப்பாடு, மாத்திரை. அவரிடம் இருந்த கொஞ்ச நடமாட்டத்தையும் நான் பறித்துவிட்டேன். வைத்திக்குப்பத்தில் வேகத்தடை இல்லை என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை, நீங்களும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். ஒரு மேடு இருக்கிறது, அதனால் போகவில்லை என்றால் ஒரு மனிதன் எப்படியோ அதை வைத்து வாழ்ந்துவிடுவான். மேடே இல்லை என்று தெரிந்த பிறகும் போக முடியவில்லை என்றால் அவர் தன்னை என்னவென்று நினைத்துக்கொள்வார்? அவரிடம் அதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. ஆகையால்தான் ஜானகிராமன். பத்திரிகை அச்சாகியிருந்தால் பெயரின் மேல் ஒரு சீட்டு ஒட்டச் சொல்லுங்கள். கவிநிலாவிடம் மாமாவுக்கு வயிறு சரியில்லை என்று சொல்லிவிடுங்கள்.

நான் மட்டும் முந்தின நாளே வந்து பாத்திரம் தேய்க்கிறேன். உங்களுக்கும் அண்ணனுக்கும் என் வணக்கங்கள். கவிநிலாவும் மாப்பிள்ளையும் ஒருவர் விழும்போது மற்றவர் பக்கத்தில் இருக்கும்படி வாழட்டும் என்று அத்தை சொன்னதாகச் சொல்லுங்கள். பந்தல்காரர் மறுபடி கேட்டால் தம்பிக்கு உடம்பு தேவலை என்று சொல்லுங்கள்.

தங்கள் அன்புள்ள,
தீபலட்சுமி

பின்குறிப்பு: உறையை ஒட்டச் சோற்றுப் பருக்கை எடுக்க அடுப்படிக்குப் போனேன். திரும்பி வந்தால் உங்கள் தம்பி மேசை பக்கத்தில் நிற்கிறார். படித்திருக்க முடியாது, தாள்கள் குப்புற இருந்தன. யாருக்கு என்றார். அண்ணிக்கு என்றேன். “வைத்திக்குப்பத்துல வேகத்தட இல்லன்னு எழுதிட்டியா?” என்று கேட்டார். மாசி மாதத்திலேயே, சிமெண்ட் காய்வதற்கு முன்னாலேயே, ஜெஸ்டின் அவரிடம் சொல்லிவிட்டானாம். பிறகு எதற்கு இந்த ஐந்து மாதம் என்று கேட்டேன். “நீ ஓட்டக் கத்துக்கினு இருந்த. நிறுத்தச் சொல்ல மனசு வரல” என்றார். அப்புறம், “மூணாவதுல நீயேதான் கால ஊனன. பிட்டருக்குத் தெரியாதா” என்றார். ஆக நான் அவருக்காக மறைத்தது, அவர் எனக்காக மறைத்தது, இரண்டையும் சேர்த்து ஆனந்தமேரி அம்மாவின் தலைக்கு மேல் ஓட்டியிருக்கிறோம். மேலே நான் எழுதியதில் எது சரி, எது தப்பு என்று இப்போது எனக்கே தெரியவில்லை, திருத்தி எழுதத் தாளும் இல்லை.

பட்டம் கட்டப் போவீர்களா என்று கேட்டேன். கடிதத்தைக் கொடு, நான் பெட்டியில் போடுகிறேன் என்றார். சட்டை மாட்டிக்கொண்டு, நான் இதை எழுதி முடிப்பதற்காக வாசல் பக்கத்தில் நிற்கிறார். தபால் பெட்டி தெரு முனையைத் தாண்டி இருநூறு அடி. வாசற்படியிலேயே திரும்பி வந்து கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வாரா, போய்ப் போடுவாரா, தெரியாது. நான் சன்னலில் நின்று பார்க்கப் போவதில்லை, பின்பக்கம் துணி துவைக்கப் போகிறேன். போட்டீர்களா என்று கேட்கப் போவதும் இல்லை. ஆகவே அண்ணி, இந்தக் கடிதம் உங்கள் கையில் இருந்தால், பட்டம் செய்யக் கவிநிலாவின் நெற்றி அளவை உடனே அனுப்புங்கள். வந்து சேரவில்லை என்றால் மட்டும் ஜானகிராமனிடம் சொல்லிவிடுங்கள்.